பழைய கப் கேடட் தோட்ட டிராக்டர்: வீட்டிலேயே சீரமைப்பும் மாற்றங்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961 முதல், இந்தப் பிரிவு 1981இல் எம்.டி.டி. நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை, கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில் செய்த மஞ்சள்–வெள்ளை கப் கேடட் வண்டிகளைப் பற்றியவை இந்தக் கேள்விகள். பெரும்பாலானவற்றில் கோலர் கம்பெனியின் கே வரிசை ஒற்றை சிலிண்டர் இன்ஜின்தான் இருக்கும். அந்த இன்ஜின் வேறு கம்பெனிகளின் பழைய தோட்ட டிராக்டர்களிலும் உண்டு. இன்ஜின் பற்றிய பதில்கள் அவற்றுக்கும் பொருந்தும்.

மாடல் எண்ணைப் பார்த்தே வண்டி எப்படிப்பட்டது என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த மூன்று இலக்க மாடல்களில் முதல் இரண்டு இலக்கம் குதிரைத்திறன். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் மூன்று வேக கியர்பாக்ஸ், ஒற்றைப்படை என்றால் ஹைட்ரோஸ்டாட்டிக், அதாவது கியர் மாற்றாமல் திரவ அழுத்தத்தால் ஓடுவது; சுருக்கமாக 'ஹைட்ரோ'. 122 என்றால் 12 குதிரைத்திறன், கியர் வண்டி. 125 என்றால் அதே திறன், ஹைட்ரோ. 149 என்றால் 14 குதிரைத்திறன், ஹைட்ரோ. 70, 71, 72, 73 ஆகிய சிறிய வண்டிகள் இந்தக் கணக்கில் வராது. அவை நான்குமே 7 குதிரைத்திறன் கியர் வண்டிகள்.

முதன்முதலில் வந்த 'ஒரிஜினல்' மாடலில் இன்ஜினிலிருந்து பின்னால் பெல்ட் வழியாக இழுவை போகும். 1963இல் வந்த 70, 100 மாடல்களிலிருந்து பெல்ட் போய் நேரடி டிரைவ் ஷாஃப்ட் வந்துவிட்டது. முதல் தடவையாகக் கை வைப்பவருக்கு 100 முதல் 126 வரையிலான கியர் வண்டிகளே நல்லது. உள்ளே மர்மம் எதுவும் இல்லை, உதிரிபாகமும் இன்றுவரை கிடைக்கிறது.

வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள். புதிதாக மஞ்சள் அடித்துப் பளபளக்கும் வண்டியைவிட, ஐம்பது வருட அழுக்கோடு நிற்கும் வண்டியிடம் உண்மை அதிகம்.

டிப்ஸ்டிக்கை இழுத்து எண்ணெயை விரலில் தேய்த்துப் பாருங்கள். அலுமினியத் துகள் வெள்ளிப் பொடிபோல மினுங்கினால் பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் தேய்ந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு பிளைவீலைக் கையால் லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிஸ்டன் திசை மாறும் இடத்தில் 'டொக்' என்று கேட்டால் அதுவும் ராட்தான். முன் அச்சைத் தூக்கி நிறுத்தி, நடு பிவட் பின்னில் எவ்வளவு ஆட்டம் என்று பாருங்கள். கிளட்ச் பெடலை மிதித்து விடும்போது டிரைவ் ஷாஃப்ட் குலுங்கினால் பின்னும் புஷ்ஷும் போயிருக்கும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்து இந்த இன்ஜினை எடைபோட வேண்டாம். கேம்ஷாஃப்டில் இருக்கும் ஆட்டோமேட்டிக் கம்ப்ரஷன் ரிலீஸ், செல்ஃப் அடிக்கும் வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றுத் தூக்கியே பிடிக்கும். நல்ல இன்ஜினிலும் அளவு குறைவாகத்தான் காட்டும். காற்றை அழுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை நம்பகமானது.

ஸ்பேனர் செட் எது வேண்டும்?

அங்குல செட். இந்த வண்டியில் போல்ட் எல்லாமே அங்குல மரை. மில்லிமீட்டர் ஸ்பேனர் 'ஏறக்குறைய' உட்காரும், பிறகு போல்ட் தலையை உருட்டிவிடும். கூடவே டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், 1 முதல் 2 அங்குலம் வரை அளக்கும் மைக்ரோமீட்டர், பிளைவீல் புல்லர். பிளைவீலைச் சுத்தியலால் அடித்தோ பின்னாலிருந்து நெம்பியோ கழற்றாதீர்கள், வார்ப்பிரும்பு கீறல் விடும்.

இன்ஜின் சிக்கிக்கொண்டு சுற்றவே இல்லை. என்ன செய்வது?

செல்ஃப் அடித்தோ, வண்டியைக் கட்டி இழுத்தோ சுற்ற வைக்காதீர்கள். இது வால்வுகள் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும் இன்ஜின். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன், சிலிண்டர், இரண்டு வால்வு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாதி நேரம் சிக்கியிருப்பது பிஸ்டன் அல்ல, திறந்த நிலையில் துருப்பிடித்த வால்வு.

பிஸ்டன்தான் என்றால், ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சம பங்கு கலந்து பிஸ்டன் மேல் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே வெளிக்காற்றில் வைத்துச் செய்ய வேண்டும். பிறகு மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்து லேசாகத் தட்டுங்கள். அசையத் தொடங்கியதும் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுற்ற வேண்டும். சிலிண்டர் சுவரில் நகத்தில் தட்டுப்படும் அளவு துருக்குழி இருந்தால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, போர் போட வேண்டும், அதாவது சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்க வேண்டும்.

இன்ஜினைப் பிரித்தால் எதை அளக்க வேண்டும்?

முதலில் கிராங்க்பின், அதாவது கிராங்க்ஷாஃப்டில் ராட் மாட்டியிருக்கும் இடம். கே வரிசையில் ராடுக்குத் தனி பேரிங் கிடையாது. அலுமினிய ராட் நேரடியாக இரும்புப் பின்மேல் ஓடுகிறது. 10 குதிரைத்திறன் கே-241 முதல் 16 குதிரைத்திறன் கே-341 வரை பின்னின் புது அளவு 1.500 அங்குலம். நான்கு திசையில், இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். முட்டை வடிவமாகியிருந்தாலோ கோடு விழுந்திருந்தாலோ லேத் பட்டறையில் 0.010 அங்குலம் குறைத்து அரைத்து, அதே அளவு குறைந்த ராடைப் போட வேண்டும். பின்னை அளக்காமல் புது ராட் மட்டும் மாட்டினால் அது ஒரு சீசன்கூடத் தாங்காமல் உடைந்து பிளாக்கில் ஓட்டை போடக்கூடும். இந்த இன்ஜின்கள் சாகும் வழிகளில் முதலிடம் இதற்குத்தான்.

ராடையும் மூடியையும் கோக்கும்போது இரண்டிலும் உள்ள அடையாளங்கள் ஒன்றாகச் சேர்ந்து, பிளைவீல் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ராட் போல்ட்டுக்குச் சர்வீஸ் மேனுவலில் உங்கள் ராட் வகைக்கான அளவைப் பார்த்து, அங்குல-பவுண்டு ரெஞ்சாலேயே இறுக்குங்கள்.

சிலிண்டர் புது அளவு கே-241இல் 3.250 அங்குலம், 12 குதிரைத்திறன் கே-301இல் 3.375. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.010, 0.020, 0.030 என்ற படிகளில் வரும். பிஸ்டனை வாங்கி, அதையே பட்டறைக்குக் கொடுத்து, அதற்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள்.

வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்த நிலையில், கே-241, கே-301 இரண்டுக்கும் இன்டேக் 0.008–0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.017–0.019. பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். வேறு இடத்தில் அளந்தால் கம்ப்ரஷன் ரிலீஸ் உங்களை ஏமாற்றிவிடும்.

ஹெட் அலுமினியம், வளையும். தடித்த கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். 0.003 அங்குலத் தகடு நுழைந்தால் கண்ணாடிமேல் 220 எண் எமரி தாளைத் தண்ணீரில் நனைத்து ஒட்டி, ஹெட்டை எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். புது கேஸ்கெட் போட்டு, 10, 20, 30 அடி-பவுண்டு என்று மூன்று சுற்றாக, எதிரெதிர் போல்ட் வரிசையில் இறுக்கவும். 30 என்பது சுமார் 40 நியூட்டன் மீட்டர்.

பேலன்ஸ் கியரை எடுத்துவிடச் சொல்கிறார்களே, சரியா?

சரிதான். அதிர்வைக் குறைக்கப் பிந்தைய கே-241, கே-301, கே-321, கே-341 இன்ஜின்களில் கிராங்க்கேஸுக்குள் இரண்டு எடைக் கியர்கள் வைத்தார்கள். அவற்றின் நீடில் பேரிங் போனால் கியர் சிக்கி உடையும், பிளாக்கும் சேர்ந்து போகும். இன்ஜின் திறந்திருக்கும்போது கியர்களை மட்டும் எடுத்துவிட்டு மூடலாம். அதிர்வு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஸ்பார்க் சரியில்லை. எங்கே தொடங்குவது?

பேட்டரியிலிருந்து காயில், காயிலிலிருந்து பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனை), பாயிண்டிலிருந்து எர்த். இந்த வழியிலேயே போங்கள். சாவியைப் போட்டு, பாயிண்ட் திறந்திருக்கும்போது காயிலின் பாசிட்டிவ் முனையில் 12 வோல்ட் வராவிட்டால் குற்றவாளி சாவி சுவிட்சும் பழைய வயரும்தான்.

பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.035. புதுப் பாயிண்ட்டின் முகத்தில் பாதுகாப்புக்காக எண்ணெய்ப் பூச்சு இருக்கும். வெள்ளைத் தாளை இடையில் நுழைத்து, அழுக்கு ஒட்டாமல் வெளியே வரும்வரை இழுக்க வேண்டும். இதைச் செய்யாததாலேயே 'புதுப் பாயிண்ட் மாட்டியும் ஸ்பார்க் இல்லை' என்ற புலம்பல் வருகிறது.

ஸ்பார்க் வரும் நேரத்தைச் சரிபார்க்கப் பிளைவீலில் 'எஸ்', 'டி' என்று இரண்டு குறி உண்டு. 'டி' பிஸ்டனின் உச்சி, 'எஸ்' அதற்கு 20 டிகிரி முன்னால். பாயிண்ட் முனையில் சோதனை விளக்கை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றினால், 'எஸ்' குறி, அதைப் பார்ப்பதற்கான துளைக்கு நேரே வரும் அந்த நொடியில் பாயிண்ட் திறக்க வேண்டும். 0.020 என்பது தொடக்க அளவு. குறியோடு ஒத்துவர 0.018ஓ 0.022ஓ ஆனால் குறியையே நம்புங்கள்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் ஓட்டம் சீராக இல்லையே?

திராட்டில் ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் அந்த இடைவெளியில் காற்று புகுந்து கலவை மெலிந்துபோகும். ஓடும்போது அங்கே கார்ப் கிளீனரைத் தெளித்தால் ஓட்டம் மாறும், அதுவே சாட்சி. துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் போட வேண்டும்.

கோலரின் சொந்தக் கார்புரேட்டரில் மிதவை அளவு 11/64 அங்குலம், அதாவது சுமார் 4.4 மி.மீ. கார்பைத் தலைகீழாகப் பிடித்து, வார்ப்பின் தட்டையான முகத்துக்கும் மிதவையின் தனி முனைக்கும் இடையே அளப்பது. கே-241, கே-301இல் மெயின் ஊசியை இரண்டு சுற்றும், ஐடில் ஊசியை ஒன்றேகால் சுற்றும் திறந்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானபின் பாரம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். ஊசியை மூடும்போது முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசி முனையில் வளையம்போலப் பள்ளம் விழும், பிறகு எந்தச் சுற்றும் கணக்கில் நிற்காது.

அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் ஸ்பார்க்கைச் சோதியுங்கள்: ஸ்பார்க் போயிருந்தால் கண்டன்சர் முதலில், காயில் அடுத்து. ஸ்பார்க் இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி மிகக் குறைவா என்று பாருங்கள். சூட்டில் தண்டு நீண்டு வால்வு மூடாமல் நிற்கும்.

இதற்கெல்லாம் முன்னால், இன்ஜின் உறையைக் கழற்றிக் குளிர்விக்கும் துடுப்புகளிடையே எலிக்கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஷெட்டில் கிடந்த வண்டி என்றால் பெரும்பாலும் இருக்கும்.

எந்த எண்ணெய், எவ்வளவு?

வெயில் காலத்தில் எஸ்.ஏ.இ. 30. கே-241, கே-301இல் சுமார் 1.9 லிட்டர். ஆயில் பம்ப் கிடையாது, ராடின் அடியில் உள்ள கரண்டிபோன்ற நீட்டல் எண்ணெயை வாரி இறைக்கிறது. ஆகவே அளவு குறைந்தாலோ செங்குத்தான சரிவில் நின்றபடி ஓடினாலோ ராடுக்கு எண்ணெய் போகாது. எல்லாப் பக்கமும் எண்ணெய் கசிந்தால் சீலைச் சந்தேகிக்கும் முன், கிராங்க்கேஸ் காற்றை வெளியேற்றும் பிரீதரைத் திறங்கள். உள்ளிருக்கும் மெல்லிய தகடு ஒட்டிக்கொண்டாலோ பாகங்கள் வரிசை மாறிக் கோக்கப்பட்டாலோ உள்ளழுத்தம் எண்ணெயை வெளியே தள்ளும்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பேட்டரி சார்ஜ் ஆகவில்லை.

பெல்ட்டில் ஓடும் அந்த ஒரே டெல்கோ-ரெமி யூனிட்தான் செல்ஃபும் டைனமோவும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின்னும், வயர் வேலை முடிந்த பின்னும் அதற்குத் துருவம் காட்ட வேண்டும். பெல்ட், வயர் எல்லாம் மாட்டி, இன்ஜின் ஓடாத நிலையில் வோல்டேஜ் ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் நொடிநேரம் தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும், அது போதும். அதன்பிறகும் சார்ஜ் இல்லை என்றால் ரெகுலேட்டரின் அடித்தகடு பெயிண்ட்மேல் உட்கார்ந்து எர்த் கிடைக்காமல் இருக்கும். சீரமைத்த வண்டிகளில் இது சகஜம். அடுத்து கார்பன் பிரஷ், பெல்ட் இறுக்கம்.

கிளட்ச் நழுவுகிறது, சில நேரம் கத்துகிறது. கழற்றுவது கடினமா?

வேலை நீளம், கடினம் இல்லை. பிளைவீலில் மூன்று பின்கள் உள்ள தட்டு இருக்கும். அவை ஃபிரிக்ஷன் தட்டைச் சுழற்றும், பெரிய ஸ்பிரிங் அதை இரு பிரஷர் தட்டுகளிடையே அழுத்திப் பிடிக்கும். பின்பக்கக் கப்ளிங்கின் சுருள் பின்னைத் தட்டி எடுத்தால் ஷாஃப்ட் விடுபடும். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வைஸும் மரை போட்ட கம்பியும் வைத்து அடக்கிக்கொண்டே தளர்த்துங்கள், விட்டால் முகத்துக்கு வரும்.

ஃபிரிக்ஷன் தட்டை மட்டும் மாற்றி மூடிவிடுவதுதான் பலர் செய்வது, மறுபடி திறக்க வைப்பதும் அதுதான். பின்கள், ஷாஃப்ட் நுனி உட்காரும் பைலட் புஷ், த்ரோ-அவுட் பேரிங், சுருள் பின் துளைகள் ஆகியவை தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் ஷாஃப்ட்டே புதிது வேண்டும். மாட்டியபின் ரிலீஸ் லீவருக்கும் பேரிங்குக்கும் இடையே 0.050 அங்குலம் இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் சுற்றிக்கொண்டே கத்தும்.

பின் கியர்பாக்ஸிலும் ஹைட்ரோவிலும் என்ன ஊற்றுவது?

இரண்டிலும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் டிராக்டர் திரவமான ஹைட்ரான், அல்லது அதே தரத்துக்கு ஒப்புதல் பெற்ற டிராக்டர் ஹைட்ராலிக் திரவம். பின் மூடியில் உள்ள அளவுத் துளையில் வழியும்வரை ஊற்ற வேண்டும். கியர் வண்டிக்குச் சுமார் மூன்றேகால் லிட்டர் பிடிக்கும். வடித்தது பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஊற்றி, ஓட்டி, மறுபடி வடித்து, தெளியும்வரை செய்யுங்கள்.

ஹைட்ரோ வண்டி நியூட்ரலில் மெல்ல ஊர்ந்தால் பம்பைப் பழிக்காதீர்கள். வேகத்தையும் திசையையும் மாற்றும் ஸ்வாஷ் தட்டைத் திருப்பும் டிரன்னியன் கையின் துளை தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கும். அதை வெல்டு வைத்து நிரப்பி, அரத்தால் பழைய வடிவுக்கு ராவி, லிங்கேஜைச் சரிசெய்தால் ஊர்வது நின்றுவிடும். ஹைட்ரோவைத் தள்ள வேண்டியிருந்தால் ரிலீஸ் வால்வுகளை அழுத்திப் பிடித்துத் தள்ளுங்கள்.

ஸ்டீரிங்கில் கால் சுற்று ஆட்டம்.

எல்லாப் பழியும் பெட்டிமேல் இல்லை. டை ராட் முனைகள், கிங்பின், முன் அச்சின் நடு பிவட் மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். பெட்டிக்குள் கூம்பு வடிவப் பெக் ஒன்று திருகுபோன்ற கேமில் ஓடுகிறது. நேராக நிற்கும் நிலையில்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஆகவே சக்கரம் நேராக இருக்கும்போதே இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். பெட்டிக்குக் கூழ்போன்ற 00 ரக கிரீஸ் நல்லது. சாதாரண கிரீஸ் ஓரமாக ஒதுங்கி நிற்கும், திரும்பி வராது.

துருவும் பெயிண்டும்?

1970களின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்வாகத் தேய்த்துப் பொடி பறக்கவிடாமல், நனைத்துத் தேய்க்கவோ பெயிண்ட் ரிமூவர் போடவோ செய்யுங்கள். பழைய கிளட்ச் தட்டிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அவற்றை ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது.

சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை எளிது. பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் வாஷிங் சோடா, சார்ஜரின் நெகட்டிவ் முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், பாசிட்டிவ் முனையை ஏதாவது வீணான இரும்புத் துண்டிலும் மாட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிட்டிவில் மாட்டாதீர்கள், நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவரும், திறந்த வெளியில் வையுங்கள். எடுத்த பாகத்தைக் கழுவி, உடனே உலர்த்தி, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். ஹார்டனர் கலந்த பெயிண்டுக்குச் சாதாரண முகக்கவசம் போதாது, அதற்குரிய ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

பெரிய இன்ஜின் மாட்டலாமா?

அதே கே வரிசையில் என்றால் 10 குதிரைத்திறன் இடத்தில் 12ஓ 14ஓ நன்றாகவே உட்காரும். 1971க்கு முந்தைய, ஃபிரேம் குறுகலான வண்டியானால் உங்கள் பழைய இன்ஜினின் ஆயில் பேனைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும்.

கடையில் கிடைக்கும் புது இரட்டை சிலிண்டர் இன்ஜின் வேறு கதை. கப் கேடட்டில் இழுவை எடுப்பது பிளைவீல் பக்கத்திலிருந்து, புல்வெட்டி போன்ற கருவிகளை ஓட்டும் முன்பக்க பி.டி.ஓ. எடுப்பது மறுமுனையிலிருந்து. புது இன்ஜினில் ஷாஃப்ட் ஒரு பக்கம்தான். அதைத் திருப்பி வைத்தால் டிராக்டர் பின்னோக்கி ஓடும், ஏனென்றால் சுழலும் திசை மாறிவிடுகிறது. பிளைவீலில் நடு மையம் பிசகாமல் துணை ஷாஃப்ட் கடைந்து பொருத்தத் தெரிந்த லேத்காரர் கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை ஏமாற்றி வேகத்தைக் கூட்டினால்?

கூடாது. வரம்பு 3600 ஆர்.பி.எம். அதற்குமேல் போனால் வார்ப்பிரும்பு பிளைவீல் வெடித்துச் சிதறக்கூடும். கப் கேடட்டில் பிளைவீல் ஓட்டுபவரின் முழங்காலுக்கு நேரே இருக்கிறது. இழுவைப் போட்டிக்காக வேகம் கூட்டுகிறவர்கள் ஸ்டீல் பிளைவீலும் பாதுகாப்புக் கவசமும் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். புல் வெட்டும் வண்டிக்கு அந்த வேகமே தேவையில்லை.

வேறு என்ன மாற்றங்கள் பயன் தரும்?

பின் சக்கர எடை. 23×8.50-12 டயரில் முக்கால் பங்குக்குச் சுமார் 20 லிட்டர் திரவம் பிடிக்கும். கால்சியம் குளோரைடு ரிம்மை அரித்துவிடும், உறையாத வாஷர் திரவம் பரவாயில்லை. ஆனால் அதில் மெத்தனால் உண்டு, நாய் நக்கும் இடத்தில் சிந்தாதீர்கள்.

எல்.இ.டி. விளக்கு மாட்டினால் அந்தச் சின்ன டைனமோவின் சுமை குறையும். பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் டிரிகர் வைக்கலாம், ஆனால் பழைய பாயிண்ட்டையும் கண்டன்சரையும் டூல் பாக்ஸில் வைத்திருங்கள். மூன்று முனை ஹிட்ச் வைத்தால், சிறு டிராக்டர்களுக்கான 'கேட்டகரி 0' அளவில் வையுங்கள். எதை இழுத்தாலும் கொக்கி பின் அச்சின் உயரத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். மேலே கட்டினால் முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் கவிழும்.

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்து, அதைக் காயிலுக்குப் போகும் 12 வோல்ட் வயரில் தொடராக இணையுங்கள். எழுந்தாலோ விழுந்தாலோ இன்ஜின் நிற்கும். பழைய மாடல்களில் இந்த வசதி கிடையாது. சுவிட்ச், இரண்டு மீட்டர் வயர், நான்கு முனைகள், இவ்வளவுதான் செலவு. துளை எதுவும் போட வேண்டியதில்லை, பின்னாளில் யாராவது வண்டியை ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவர நினைத்தால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம்.